காஜாங் கடிதம்: பிள்ளைகள் கையில் பால் வெட்டும் கத்தி

காஜாங், சிலாங்கூர்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி இரட்டைக் கோபுரம், இரண்டாவது சம்பளம். காஜாங் என்ற ஊரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மலேசியர்களைக் கேட்டாலோ ஒரே குரலில் ‘சாத்தே’ என்பார்கள். குச்சியில் குத்தி அனலில் வாட்டிய இறைச்சி, தொட்டுக்கொள்ள நிலக்கடலைக் குழம்பு. ஊரின் பெருமை மொத்தத்தையும் அந்த ஒரு குச்சியில் குத்தி வைத்திருக்கிறார்கள். சாத்தேயைக் குறை சொல்லவில்லை. சொன்னால் இங்கே குடியிருக்க முடியாது. ஆனால் உலகச் சரித்திரத்தில் காஜாங்குக்கு வேறொரு இடம் உண்டு. 1877-இல் இலங்கை வழியாகச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு 22 ரப்பர் கன்றுகள் வந்தன. அந்தத் தோட்டத்துக்குப் பிறகு பொறுப்பேற்ற ரிட்லி என்பவர் சட்டைப்பையில் விதைகளைப் போட்டுக்கொண்டு பார்க்கிற தோட்டத் துரைமாரிடமெல்லாம் ‘ரப்பர் நடுங்கள்’ என்று நச்சரித்தார். காப்பித் துரைமார் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வைத்தார்கள். அவர் பேச்சைக் கேட்ட சிலரில் கிண்டர்ஸ்லி சகோதரர்களும் உண்டு. 1895 வாக்கில் அவர்கள் காஜாங் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் ஐந்து ஏக்கர் ரப்பர் நட்டார்கள். மலாயாவில் வியாபாரத்துக்கென்று ரப்பர் நட்ட முதல் இடங்களில் அது ஒன்று. நம் பக்கத்துச் சனம் கப்பல் கப்பலாக இங்கே வந்திறங்கியதற்கு இந்த மாதிரி ஐந்து ஏக்கர்கள்தான் பிள்ளையார் சுழி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேல்நாடுகளில் பிள்ளைகளுக்குச் சரித்திரத்தைக் கையால் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் 1891-இல் ஹசேலியஸ் என்பவர் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கி, நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கிருந்து பரவிய வழக்கம் இது. டொரண்டோவின் பிளாக் க்ரீக் கிராமத்தில் பழங்காலக் குடியேறிகளின் வீட்டு வேலைகளைக் கூட இருந்து செய்து பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் 1970-இல் திறந்த சவரன் ஹில் ஒரு படி மேலே போகிறது. பள்ளிப் பிள்ளைகள் 1850-களின் உடுப்பை மாட்டிக்கொண்டு அந்தக் கால வகுப்பறையில் கைகட்டி உட்கார, அந்தக் கால வாத்தியார் அதட்டுகிறார். இந்த அதட்டலுக்குக் கட்டணம் உண்டு. நீங்கள் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் ஒவ்வோர் அதட்டலுக்கும் ரசீது போட்டிருந்தால் இன்று காவிரிக் கரையில் மாளிகை எழுப்பியிருக்கலாம்.

மலேசியாவிலும் இப்படிக் கற்றுத்தரத் தெரியாமல் இல்லை. கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ராயல் சிலாங்கூர் வெள்ளீயப் பட்டறையில் ஏப்ரனும் சுத்தியலும் கொடுத்து, ஒரு தட்டையான தகட்டைக் கிண்ணமாக அடிக்க வைக்கிறார்கள். பிள்ளைகள் டொக்டொக்கென்று தட்டி, கோணல்மாணலாக ஒரு கிண்ணம் செய்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். 1885-இல் சீனத்திலிருந்து வந்த யோங் கூன் என்ற கொல்லர் தொடங்கிய தொழில் அது. ஸ்டோனர் சாலையில் கெடாவிலிருந்து பெயர்த்து வந்த மலாய்ப் பெங்குலு (ஊர்த்தலைவர்) ஒருவரின் மரவீட்டை மரபுச் சங்கத்தார் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் படியேறிப் போனால் ஆணி அடிக்காமல் வீடு எப்படி நிற்கிறது என்பதைத் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். சீனர் தட்டியது கைவினை, மலாய்க்காரர் இழைத்தது கைவினை. தமிழர் சீவியது மட்டும் ‘கூலி வேலை’ என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் ரப்பர் ஏற்றுமதி வருகிறது, துரை வருகிறார், ரயில் வருகிறது. மரத்தடியில் நின்றவருக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நான் சொல்ல வந்தது இதுதான்: காஜாங்கில் பிள்ளைகளுக்கு முன்னோர் சரித்திரம் சொல்வதென்றால், அவர்கள் பட்ட பாட்டில் தொடங்காமல் அவர்கள் கையில் இருந்த வேலையில் தொடங்கவேண்டும். கத்தியைப் பிடிக்கக் கொடுக்கவேண்டும்.

ஏனென்றால் அந்த வேலை நாம் நினைக்கிற மாதிரி இல்லை. ரப்பர் மரத்தின் பட்டையில் பால்குழாய்கள் நெருக்கமாக இருப்பது உள்ளே, மரத்தை வளர்க்கும் மெல்லிய தோலை ஒட்டி. மேலாகச் சீவினால் பால் வராது. ஆழமாகப் போனால் அந்தத் தோல் காயப்பட்டு, ஆறும்போது முண்டும் முடிச்சுமாக எழும்பும். அந்த இடத்தில் பிறகு ஒழுங்காகக் கோடு போட முடியாது. மிச்சம் விடவேண்டிய பட்டை ஒரு மில்லிமீட்டர் அளவு. ஒரு தடவை சீவி எடுப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். பால்குழாய்கள் நேராக ஏறாமல் கொஞ்சம் சாய்ந்து ஏறுவதால் கோட்டை இடது மேலிருந்து வலது கீழாக இறக்கவேண்டும். மாற்றிப் போட்டால் வெட்டுப்படும் குழாய் குறைந்து பாலும் குறையும். விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் அப்போதுதான் பால் நன்றாக ஓடும். அதனால்தான் நாலரைக்கே எழுந்து, பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பார் என்ற ரப்பர்க் காட்டுக்குள் நுழைந்தார்கள். அந்த மங்கல் வெளிச்சத்தில் ஆளுக்கு நானூறு, ஐந்நூறு மரம். கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் நேற்றைய பாலை உரித்து, பால் ஏந்தும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து மாட்டி, ஒரே இழுப்பில் கோடு போட்டு அடுத்த மரத்துக்கு நகரவேண்டும். பிறகு வந்த வழியே திரும்பப் போய் மங்குப் பாலையெல்லாம் வாளியில் வழித்து, தோளில் காண்டாக் கழியில் தூக்கி ஸ்டோரில் அளந்து கொட்டவேண்டும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் வழிந்தோடிவிடும். அன்றைக்குக் கத்திக்கும் ஓய்வு, அடுப்புக்கும் ஓய்வு. இதை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத பெண்கள் வருஷக்கணக்கில் செய்தார்கள். இப்போதைய பிள்ளைகள் பென்சில் சீவும்போதே முனையை மூன்று தடவை உடைக்கிறார்கள்.

இதற்கு இங்குள்ளவர்களிடமிருந்தே மறுப்பு வரும். “நாங்கள் வக்கீலாகி டாக்டராகிக் காண்டோமினியம் வாங்கி, அந்தத் தோட்ட வாடையை விட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறோம், நீ பிள்ளை கையில் மறுபடி கத்தியைத் திணிக்கிறாயா?” நியாயமான கோபம்தான். லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவர் லயத்தை மறக்க நினைப்பதை, விமானத்தில் வந்திறங்கிய என்னைப் போன்றவன் கேலி செய்யக்கூடாது. ஆனால் மறைத்து வைத்த சங்கதி தானாக மறைவதில்லை, மற்றவர் வாயில் போய் வேறு வடிவம் எடுக்கிறது. ‘உன் தாத்தா கூலி’ என்று பள்ளியில் ஒருவன் சொன்னால், பிள்ளைக்கு இப்போது அழத்தான் தெரியும். ஒரு மில்லிமீட்டர் கணக்கை ஒருமுறை கையால் அறிந்த பிள்ளை, ‘நீ ஒரு கோடு போட்டுக் காட்டு பார்ப்போம்’ என்று கேட்கும். அவமானம் தொழிலில் இல்லை. அந்தத் தொழிலுக்குக் கொடுத்த கூலியிலும் நடத்திய விதத்திலும்தான் இருந்தது. அது கொடுத்தவர்களின் அவமானம்.

இரண்டாவது மறுப்பு கனமானது: துன்பத்தை விளையாட்டாக்கலாமா? ஆக்கக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். 1994-இல் அமெரிக்காவில் காலனி வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகத்தார் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது கறுப்பின மக்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. நம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒருவனைக் கங்காணியாக்கித் திட்டவிடுவதும் அந்த ரகம்தான்; நமக்கு வேண்டாம். பிள்ளைகள் நடிக்கக் கூடாததையும் செய்து பார்க்கக் கூடியதையும் பிரித்துக்கொள்ளவேண்டும். வேலையைக் கையால் கற்கட்டும், கொடுமையைக் காகிதத்தில் படிக்கட்டும். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டின் மாதிரி ஒன்றைக் கொடுத்து, இத்தனை நாள் மழை, இத்தனை நாள் அரைப்பேர் என்ற அரைநாள் கூலி, கடைப் பற்று இவ்வளவு, மாசக் கடைசியில் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். எந்தப் பிரசங்கமும் வேண்டாம், கழித்தல் கணக்கே பேசும். அப்புறம் 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சொல்லுங்கள். ஆர்.எச். நாதன் முன்நின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வு உண்டு, பிள்ளைகளுக்குப் படிப்பு உண்டு, கள்ளுக்கடையை மூடுவது உண்டு. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதும் ஒன்று. சுரண்டல், ஏகாதிபத்தியம் என்ற சொற்கள் பத்து வயதுப் பிள்ளைக்கு ஏறாது. சைக்கிளைவிட்டு இறங்கச் சொன்னால் எப்படியிருக்கும் என்பது உடனே ஏறும். அந்தக் கோரிக்கைக்கு இராணுவத்தின் துப்பாக்கிதான் பதில் சொன்னது, தொழிலாளர்கள் செத்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அதை விட்டுவிட்டு மங்கும் வாளியும் மட்டும் காட்டினால் அது தோட்ட முதலாளியின் விளம்பரம்.

முதலாளியின் விளம்பரத்துக்கும் தொழிலாளியின் சரித்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இலங்கை மலையகம் கண்முன் காட்டுகிறது. கண்டி ஹந்தானையில் 1925-ஆம் வருஷத்துத் தொழிற்சாலை ஒன்றைத் தேயிலை அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள்: பளபளக்கும் இயந்திரங்கள், தேயிலைத் துரை ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்கள், மேல்மாடியில் நல்ல தேநீர். பழைய பீகாக் தோட்டத்தில் இன்னொன்று இருக்கிறது, லயத்து அறைகளிலேயே அமைத்த தொழிலாளர் அருங்காட்சியகம். அங்கே சட்டி பானை, கூடை, கவ்வாத்துக் கத்தி, கருப்பு அடுப்பங்கரை. முதலாவதில் தேயிலையைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவதில்தான் கொழுந்தெடுத்தவரைப் பற்றி. தொழிலாளர் பக்கத்தில் நின்றவர்களே முனைந்தால் சின்ன இடத்திலும் நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

ரப்பர் தமிழர் சொத்து மட்டுமா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்பதே பதில். மலாய், சீனச் சிறுதோட்டக்காரர்களும் இதே கத்தியைப் பிடித்தவர்கள். அதனால் மூன்று மொழிப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து வரலாம், மூவர் வீட்டிலும் ஒரு கொள்ளுப்பாட்டி கிடைப்பார். கத்தி ஆபத்து, கொசு கடிக்கும், டிங்கி வரும் என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நள்ளிரவு வரை பொங்குவார்கள். சீவிப் பழக வெட்டிப் போட்ட மரத்துண்டு போதும், பக்கத்தில் பழைய தொழிலாளி ஒருவர் இருந்தால் போதும். நாலரை மணிக்கு எழுப்பவும் வேண்டாம். அதற்குப் பிள்ளைகளைவிடப் பெற்றோர் அழுவார்கள். பரீட்சை இருக்கிறதே என்ற சாக்கும் முன்போல் செல்லாது: ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் அரசாங்கமே எடுத்துவிட்டது.

இடத்துக்கும் பஞ்சமில்லை. நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டம் பள்ளி நடத்தவேண்டும் என்ற 1912-ஆம் வருஷச் சட்டத்தின் வழிவந்தவை. சுற்றிலும் தாமான் குடியிருப்புகளும் டோல் சாலையும் வந்த பிறகும், பெயர்ப்பலகையில் ‘லாடாங்’ என்று தோட்டத்தைச் சுமந்தபடி நிற்கின்றன. காஜாங் வட்டாரத்தின் வெஸ்ட் கன்ட்ரி பள்ளியும் அப்படித்தான். காஜாங்குக்குப் பக்கத்தில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தின் கதை இன்னும் விசேஷம். அங்கே உருவான ஒட்டுரகங்கள்தான் உலகெங்கும் பி.பி. என்ற எழுத்துகளோடு போயின. கேரளத்திலும் அவற்றை நட்டிருக்கிறார்கள். அந்தத் தோட்டம்தான் இப்போதைய நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா. அதில் பால் வெட்டிய குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடிக்குக் குடிபெயர்க்கப்பட்டன. பிரதமர் அலுவலகத்தைப் பார்க்கப் பேருந்தில் போகிற பிள்ளைகளுக்கு அந்த மண்ணில் என்ன நின்றது என்பதை வழியில் சொல்ல ஐந்து நிமிஷம் போதும்.

பிள்ளைகளுக்குக் காட்டப் பொருட்களும் வேண்டும்; அதில் உங்களால் ஆகவேண்டிய காரியம் ஒன்று உண்டு. மலாயாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நம் தாலுக்காவில் எத்தனையோ இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டி, ராஜுலா கப்பல் சீட்டு, தோட்டத்துச் சீட்டு, பால் கத்தி ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள். யார் வீடு, எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் குறித்து அனுப்பினால் மிச்சத்தை இங்கே பார்த்துக்கொள்ளலாம். பெரியம்மாவுக்கு வணக்கம்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்