பெயர்ப்பலகையும் நாவின் சுவையும்: தென்மாவட்டக் கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கடையின் பெயர்ப்பலகை சிறுக்கச் சிறுக்கப் பண்டத்தின் சுவை பெருகும். இதுவே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருதுகோள்.

பலகையே இல்லாவிட்டால் என்னாகும் எனின், திருநெல்வேலிக் கீழ ரத வீதிக்குப் போய்ப் பார்க்க. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு குடும்பம் தொடங்கிய அல்வாக் கடை. சாயங்காலம்தான் திறப்பார்கள். மங்கலாக ஒரு பல்பு எரியும். விளக்கில்லாத குறையே பேராகி ‘இருட்டுக்கடை’ ஆயிற்று. ஆய்வாளர் வழி கேட்டபோது கிடைத்த வாக்குமூலம் வருமாறு: “அந்தா கூட்டம் நிக்குல்லா அண்ணாச்சி, அதான்.” சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்து, நெய்யும் சர்க்கரையும் விட்டுக் கிண்டிய அந்தச் சூட்டு அல்வாவுக்குப் பல்லின் உதவி தேவையில்லை. வாயில் போட்டதும் அதுவே வழி தெரிந்து இறங்கிவிடும். பலகையில்லாத அந்தக் கடையின் பெயரைப் பலகையில் தாங்கி நிற்கும் கடைகளோ எங்கும் உண்டு. ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’ என்ற வாசகத்துக்குத்தான் தமிழ்நாட்டில் கிளைகள் அதிகம்.

கும்பகோணம் டிகிரி காபியும் இதற்குச் சான்று. நெடுஞ்சாலையில் கும்பகோணத்தை விட்டு விலக விலகப் பலகை பெரிதாகிறது. பித்தளை டபராவும் பளபளக்கிறது. காபியைப் பற்றி இவ்வாய்வு மௌனம் சாதிக்கிறது.

பலகை எதற்கு, அதுதான் புவிசார் குறியீடு இருக்கிறதே என்பர் ஒரு சாரார். அற்றன்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும் மணப்பாறை முறுக்கு 2023இலும் அதைப் பெற்றன, உண்மை. ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பட்டம். ஆண்டாள் கோயிலைச் சுற்றி வரிசையாகப் பால்கோவாக் கடைகள் நிற்கையில் எந்தப் படியில் ஏறுவது என்பதை அரசிதழ் சொல்லாது. (மணப்பாறை முறுக்கை ரயிலுக்குள் கூவி விற்கிறவருக்குப் பலகையே கிடையாது என்பதையும் கருதுகோளின் வரவில் வைக்க.)

எனவே களத்தில் ஆளைத்தான் கேட்க வேண்டும். யாரை? லாட்ஜ் வரவேற்பாளர் ஏசி உள்ள கடையைச் சொல்வார். ஆட்டோக்காரர் சொல்லும் கடையில் அவருக்கும் ஒரு டீ உண்டு. கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவே நம்பத்தகுந்த தகவலாளி. அவரிடமும் “எது நல்ல கடை?” என்று கேட்டால், “எல்லாமே நல்லாருக்கும் தம்பி” என்றுதான் பதில் வரும். “உங்க வீட்டுக்கு எங்கக்கா வாங்குவீங்க?” என்று கேட்க வேண்டும். கை பூவிலேயே இருக்கும்; தாடை மட்டும் ஒரு சந்துப் பக்கம் காட்டும்.

இரண்டாவது அளவுகோல், முதலாளியின் அலட்சியம். சாத்தூரில் பதிவான உரையாடல்:

“அண்ணாச்சி, சேவு காரமா இருக்குமா?”

“காரச்சேவு காரமாத்தான் இருக்கும்.”

பிறகு தாளைக் கிழித்து நாலு சேவு வைத்து நீட்டினார். தின்று முடிக்கும்வரை நம் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. எண்ணெய்ச் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “எப்படி சார் இருக்கு?” என்று கேட்கிற கடைக்கு இன்னும் ஐயம் தீரவில்லை என்று கொள்க. இவரோ ஒரு கிலோ கேட்ட நம்மிடம், “அரைக் கிலோதான் இருக்கு, வேணுமா?” என்றார்.

கருதுகோளில் ஒரு விரிசலும் உண்டு. பலகையில்லாக் கடையைக் கண்டுபிடித்தவர் சும்மா இருப்பதில்லை. படம் எடுக்கிறார், பத்துப் பேருக்கு அனுப்புகிறார். பத்து கார் வந்து நிற்கிறது. அடுத்த தீபாவளிக்குள் விளக்கு வைத்த பலகை ஏறுகிறது. அதில் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லும் ஏறுகிறது.

ஆகவே ஆய்வு நெறிமுறை கருதி, சாத்தூர்க் கடை இருக்கும் தெருவின் பெயர் இங்கே தரப்படவில்லை. நெறியாளர் மட்டும் தனியே கேட்டுக்கொண்டார். அந்த அரைக் கிலோவிலும் பாதி அவர் வீட்டுக்குத்தான் போயிற்று.