விண்கலத்தில் சுருங்கிய சட்டை

திருப்பூரில் வாழ்கிற ஒருவன் விண்வெளித் தொடர்களுக்கு ரசிகனாக அமைந்துவிட்டால், மற்ற ஊர் ரசிகர்களுக்கு வாய்க்காத விசேஷமான சங்கடம் ஒன்று அவனுக்கு வந்து சேர்கிறது. மற்றவர்கள் அந்நிய கிரகத்தின் ஆகாயத்தைக் கண்டு பிரமித்து நிற்கும் அதே கணத்தில், இவனுடைய கண்கள், இவன் அனுமதியைச் சற்றும் கோராமல், கதாநாயகனின் கழுத்து ரிப் ஒழுங்காகக் கூடியிருக்கிறதா, தோள் தையல் இழுத்திருக்கிறதா, உடம்புக்கும் கைக்கும் ஷேடு ஒன்றுதானா என்று ஆராயப் புறப்பட்டுவிடுகின்றன. பிரபஞ்சமே அழியப் போகிறதென்று எல்லாரும் கதறும் கட்டத்தில், "பாட்டம் மடிப்பு கோணலாக இருக்கிறதே" என்று விசனப்படுகிறவனை வீட்டார் எவ்வளவு மதிப்பார்கள் என்பதை நான் விவரிக்க வேண்டுவதில்லை.

சனிக்கிழமை இரவு சம்பளம் வாங்கிய ஊர் ஞாயிற்றுக்கிழமை காலையில் அயர்ந்து உறங்கிய எண்பதுகளில், தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்கத் தொடரால் எனக்கு இந்த வியாதி பிடித்தது. 1966-இல் தொடங்கிய அத்தொடரை இரண்டாம் ஆண்டோடு நிறுத்தப் போகிறார்கள் என்ற வதந்தி அமெரிக்காவில் கிளம்ப, ரசிகர்கள் கடிதங்களை மலையாகக் குவித்து, என்.பி.சி. நிறுவனத்தாரை மூன்றாம் ஆண்டுக்கு இணங்க வைத்தார்கள். 1969-இல் அது முடிவுற்றபோது மொத்தம் 79 பகுதிகள். நம்முடைய ‘கோலங்கள்’ 1,500 பகுதிகளைத் தாண்டி ஓடியது. 79 பகுதிகளுக்குள் ஒரு மெகா தொடரில் நிச்சயதார்த்தத் தாம்பூலம்கூட மாற்றி முடிந்திராது. ஆயினும் அந்த 79-ஐ மூலதனமாக வைத்துக்கொண்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புதுப் புதுத் தொடர்களையும் திரைப்படங்களையும் கிளைக்கச் செய்துவருகிறார்களே, அந்தச் சாமர்த்தியத்தை எந்த பனியன் கம்பெனி முதலாளியும் கைகூப்பித்தான் வணங்குவார்.

ரசிகர்கள் கடிதம் எழுதிப் பெற்ற அந்த மூன்றாம் ஆண்டில் கதை மாறியதோ இல்லையோ, துணி மாறிவிட்டது. முதல் இரண்டு ஆண்டுகளும் விண்கலத்தார் அணிந்திருந்தது வெலூர் என்கிற, மேலே மென்மயிர் எழுப்பிய துணி. சலவைக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் அது சுருங்கிற்று. தளபதி கிர்க்கின் மார்பு வீரத்தினால் விம்முகிறது என்று நாம் பக்தியோடு நம்பிக்கொண்டிருந்ததில் சலவைக்காரரின் பங்கும் இருந்திருக்கிறது. கடைசியில் டபுள் நிட் துணிக்கு மாறினார்கள். போதாததற்கு, பொன்னிறம் என்று உலகமே கண்ட தளபதியின் சட்டை நேரில் பார்த்தால் வெளிர்பச்சையாம். விளக்கொளியிலும் படச்சுருளிலும் பட்டுப் பொன்னாகத் தோன்றியதாம். இந்த வரலாற்றை என் அண்டை வீட்டுக்காரரான டையிங் மாஸ்டரிடம் மிகுந்த பரவசத்தோடு எடுத்துரைத்தேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க, அத்தன செலவு பண்ணிக் கப்பல் உட்டவிங்க, ஒரு ஷ்ரிங்கேஜ் டெஸ்ட்டு பாக்க மாட்டாங்களா? ஒரு லைட்டுல பச்ச, இன்னொரு லைட்டுல மஞ்சன்னா, எந்தப் பையருங்க பாஸ் பண்ணுவான்?"

அந்தத் தொடரில் சிவப்புச் சட்டை அணிந்து வேற்றுக் கிரகத்தில் இறங்குகிற சிப்பந்திக்கு ஆயுள் அற்பம் என்பது ரசிகர்கள் கண்டறிந்த சாஸ்திரம். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கும் கடைகளின் முன்னே, அத்தொடரின் சின்னம் பொறித்த சிவப்பு டி-சர்ட் அணிந்த ஒரு சுமைதூக்கும் தோழர், முன்னும் பின்னும் மூட்டைகள் ஏற்றிய மொபெட்டின் மீது எழுந்தருளி, எதிரே வந்த பேருந்தைத் திரணமாக மதித்துக் குறுக்கே புகுவதைக் கண்டபோது, சாஸ்திரம் அறிந்தவனாகிய நான் கண்களை மூடிக்கொண்டேன். திறந்து பார்க்கையில் அவர் எதிர்ப்புறக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். விண்வெளிச் சாபங்களுக்கு எங்கள் நொய்யல் ஆற்றுக்கு இப்பால் அதிகாரம் இல்லை போலும்.

இவ்வகைத் தொடர்களில் இன்னொன்றாகிய, பிரிட்டனில் 1963 நவம்பர் 23 அன்று ஆரம்பமான ‘டாக்டர் ஹூ’, 1989-இல் நின்று, 2005-இல் மீண்டும் எழுந்துவந்த தீர்க்காயுள் தொடர். அதன் நாயகரான, காலத்தில் பிரயாணம் செய்கிற டாக்டராக முதலில் நடித்த வில்லியம் ஹார்ட்னெல், உடல்நலம் குன்றி 1966-இல் விலக நேர்ந்தபோது, டாக்டர் தம் தேகத்தையே புதுப்பித்துக்கொள்ள வல்லவர் என்றொரு வியாக்கியானத்தைக் கண்டுபிடித்து, பேட்ரிக் டிரௌட்டனை அதே பாத்திரத்தில் அமர்த்தினார்கள். இந்த அற்புத யுக்தியை நான் விளக்கி முடிக்குமுன், மெகா தொடர்களில் கரைகண்ட என் துணைவியார், "‘இவருக்குப் பதில் இவர்’னு ஒரு வரி போட்டாப் போதாதுங்களா? இதுக்கெதுக்கு இத்தன ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டு, பி.பி.சி.யின் பல வருஷத்துப் புகழை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

நான்காம் டாக்டரான டாம் பேக்கர் 1974-இல் கழுத்தில் சுற்றிவந்த மிக நீண்ட கம்பளிப் பட்டைக்கும் ஒரு கதை உண்டு. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்செசன், தேர்ந்தெடுப்பதற்கு வசதியாக இருக்கட்டுமென்று தாராளமாக நூலைக் கொடுத்தனுப்ப, பிகோனியா போப் என்னும் பின்னல்கார அம்மையார் கொடுத்த நூல் அனைத்தையும் பின்னிவிட்டார். உலகம் இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறது. எங்கள் ஊரிலோ கண் கலங்குவார்கள். நிட்டிங்குக்குக் கொடுத்த நூலின் எடைக்கும் திரும்பிவந்த துணியின் எடைக்கும் இடையே மறைந்துபோகும் கிலோக்களைப் பற்றி ஓயாது வழக்காடுகிற ஊரில், வேஸ்டேஜ் என்று ஒரு பிடி நூல்கூடக் கழிக்காத உத்தமிக்குச் சிலை வைத்தாலும் தகும்.

நீடித்த தொடர்களின் ரகசியம், குற்றம் காண்கிற ரசிகன்தான் என்பது என் சித்தாந்தம். செக்கிங் மேஜையில் பீஸ் பீஸாகத் திருப்பிப் பார்த்துக் குறை சொல்லுகிறவரே கம்பெனியின் பெயரைக் காப்பாற்றுகிறவர். சட்டை சுருங்கியதையும் சாயம் மாறியதையும் அரை நூற்றாண்டாகப் பேசித் தீராத ரசிகர்களே அத்தொடர்களுக்கு ஆயுள் கொடுக்கிறவர்கள். அன்றியும், 23-ஆம் நூற்றாண்டைக் கற்பனை செய்தவர்கள்கூட மனிதனுக்குப் பின்னலாடையைத்தான் மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஆகையால் நம் ஊருக்கு ஆர்டர் நிச்சயம், காஜா பட்டன் மெஷின் வைத்திருப்பவர்கள்தாம் கவலைப்பட வேண்டும் என்று மாஸ்டரிடம் அறிவித்தேன்.

மாஸ்டர் நெடுநேரம் யோசித்தார். "அந்தக் காலத்துக்குள்ள போய்வர்ற டாக்டரு பையரா வந்தா நல்லதுங்க," என்றார். "ஷிப்மெண்டுக்கு முந்தியே பேமெண்ட் வந்துருமுங்க!"