இருட்டுக்கு வாடகை

பணம் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால் உடம்புக்கு வெளிச்சம் ஒத்துக்கொள்வதில்லை போலிருக்கிறது. நம் வீட்டில் டியூப்லைட் மங்கினால் சோக்கை மாற்று, ஸ்டார்ட்டரை மாற்று என்று ஸ்டூல் மேல் ஏறுகிறோம். அரண்மனை ஓட்டலில் மங்க வைப்பதற்கென்றே ஓர் ஆள் இருக்கிறார். ஒளி வடிவமைப்பாளர் என்று பெயர். அவர் போட்டுக்கொடுத்த அரையிருட்டில் உட்கார்ந்து, தட்டில் இருப்பது கறியா காளானா என்று செல்போன் டார்ச் அடித்துப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். அந்த இருட்டுக்கு ஒரு ராத்திரி வாடகை கொடுக்கும் காசில், சேலம் பக்கத்தில் எங்கள் இளம்பிள்ளையில் ஒரு தறிக்காரர் வீட்டில் மாசம் ஓடிவிடும்.

பழைய கட்டடத்தில் விளக்குப் போடுவது லேசுப்பட்ட வேலை இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சுவரைத் துளைக்கக் கூடாது. ஒயர் கண்ணில் படக் கூடாது. நாளைக்கே கழற்றினாலும் சுவரில் தழும்பு இருக்கக் கூடாது. அதனால் கார்னிஸ் மேலும் உத்தரத்தின் முதுகிலும் தூணின் காலடியிலும் எல்.ஈ.டி. பட்டையை ஒளித்துவைக்கிறார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தின் நிறம் ஏறத்தாழ 1,900 கெல்வின், பழைய குண்டு பல்பு 2,700, எங்கள் தறிப் பட்டறையில் தொங்கும் வெள்ளை டியூப்லைட் 6,500. குறைக்கக் குறைக்க மெழுகுவத்தி மாதிரியே சிவந்து அடங்கும் எல்.ஈ.டி. இப்போது வந்துவிட்டது. ராஜா காலத்தில் எண்ணெய் தீர்ந்து விளக்கு எப்படி மங்கியதோ, அந்த மங்கலைக் கம்ப்யூட்டர் வைத்து வரவழைக்கிறார்கள். இத்தனை வித்தைக்கும் தலையாய விதி ஒன்றுதான்: வெளிச்சம் தெரியலாம், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது.

இந்த விதி விளக்கோடு நின்றிருந்தால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957-லேயே ஓட்டலாகிவிட்டது. 1971-ல் மன்னர் மானியம் நின்றதும் மிச்சமிருந்த மகாராஜாக்களுக்கும் விருந்தோம்பல் குணம் திடீரென்று பொங்கியது. எல்லாவற்றுக்கும் மகுடம் என்றால் ஹைதராபாத்தின் ஃபலக்நுமாதான். 1884-ல் அடிக்கல் நாட்டியவர் பின்னாளில் நிஜாமின் பிரதமரான விகார்-உல்-உம்ரா. தன் வரும்படிக்கு மிஞ்சிக் கட்டிக் கடனில் கழுத்துவரை போனார். கடைசியில் எஜமானரான நிஜாமே அரண்மனையை எடுத்துக்கொண்டார். தறி வாங்கக் கடன்பட்டுத் தறியையே கொடுத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தக் கதை புரியும். ஆனால் பிரதமருக்கு வந்தால் அது வரலாறு, வழிகாட்டி உருக்கமாகச் சொல்வார். நமக்கு வந்தால் வெறும் பாக்கி.

தாஜ் குழுமம் பத்து வருஷம் போலப் பழுது பார்த்து 2010-ல் அதை ஓட்டலாகத் திறந்தது. 101 பேர் ஒன்றாக உட்காரும் சாப்பாட்டு மேஜை உண்டு. 138 கை கொண்ட ஆஸ்லர் சரவிளக்கு ஒன்றைத் துடைத்து முடிக்க ஆறு மாதம் ஆகும், அப்படி நாற்பது இருக்கின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். எனக்குக் கூலிக் கணக்குப் போட்டே பழக்கம், இதற்கும் போட்டேன். ஒரே ஆள் துடைத்தால் இருபது வருஷம். இருபத்தைந்து வயசில் துணியைக் கையில் எடுத்தவர் நாற்பத்தைந்து வயசில் நாற்பதாவது விளக்கிலிருந்து ஏணி இறங்கும்போது, முதல் விளக்கில் பத்தொன்பதரை வருஷத் தூசி அவருக்காகக் காத்திருக்கும். விளக்கைச் செய்த பர்மிங்ஹாம் கம்பெனியின் பேர் எல்லாருக்கும் மனப்பாடம். துடைக்கிறவர் பேர் என்ன? சொன்னேனே, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தெரியக் கூடாது.

2017 நவம்பர் 28-ஆம் தேதி ராத்திரி அந்த மேஜையில் அமெரிக்க அதிபரின் மகள் இவாங்கா டிரம்புக்கு நம் பிரதமர் விருந்து கொடுத்தார். அதற்கு மூன்று வாரம் முன்பே ஹைதராபாத் போலீஸ் ஊருக்குள் பிச்சை எடுப்பதற்கு இரண்டு மாதத் தடை போட்டது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாம். தெருவில் கிடந்தவர்களைப் பொறுக்கிச் சிறை வளாகங்களில் இருந்த விடுதிகளுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் இதை ஒளி வடிவமைப்பின் உச்சம் என்பேன். மற்றவர்கள் ஓர் அறைக்குத்தான் டிம்மர் வைப்பார்கள், இவர்கள் ஒரு நகரத்துக்கே வைத்தார்கள். வேண்டியது பளிச்சென்று தெரிந்தது, வேண்டாதது சிறைக்குள் போனது. சுவரில் ஒரு துளைகூட விழவில்லை.

வடக்கைச் சொல்லிவிட்டு நம்மவர்களை விட்டால் பாவம். செட்டிநாட்டில், கானாடுகாத்தானைச் சுற்றி, பெரிய வீடுகள் ஒவ்வொன்றாக ஓட்டலாகின்றன. இடியாமல் நிற்கிறதே, அந்த அளவுக்கு நல்லதுதான். அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனாருக்கு வெளிச்சம் பற்றித் தெரிந்ததில் பாதிகூட இன்றைய நிபுணர்களுக்குத் தெரியாது. நடுவில் திறந்த வளவு, சுற்றிலும் தாழ்வாரம். ஆத்தங்குடித் தரை வானத்தைக் கீழே வாங்கி அறைக்குள் அனுப்பும். பகலில் ஒரு சுவிட்சும் வேண்டாம். இப்போது ராத்திரியானால் பர்மாத் தேக்குத் தூண்களுக்குக் கீழிருந்து மேல்நோக்கி விளக்கு. தூண் தகதகவென்று நிற்கிறது. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்பதை எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, வாங்கிய கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கைமாறி, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி விளைநிலம் செட்டியார் பிடிக்கு வந்த கதையை யாரும் தூணருகே நின்று சொல்வதில்லை. தூணுக்கு விளக்கு உண்டு, தூண் வந்த வழிக்கு இல்லை.

எங்கள் பக்கம் வருவோம். காவிரித் தண்ணீர் கர்நாடகத்துச் சிவசமுத்திரத்தில் மின்சாரமாகி 1902-ல் முதலில் போனது கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. பெங்களூர் தெருவுக்கு வர 1905 ஆனது. தங்கத்துக்கு முதலில், மனுஷனுக்கு அப்புறம். இந்த வரிசையை அன்றைக்கே எழுதிவைத்துவிட்டார்கள். அதே காவிரியை மறித்து 1934-ல் மேட்டூர் அணை எங்கள் சேலம் மாவட்டத்தில் எழுந்தது. பக்கத்திலேயே 840 மெகாவாட் அனல் நிலையம், 2013-ல் இன்னொரு 600. அணை இங்கே, புகைபோக்கி இங்கே, சாம்பல் இங்கே. 2012-ல் கரண்டுக்குப் பஞ்சம் வந்தபோது சென்னைக்கு ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் வெட்டு, மாவட்டங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, சில நாள் அதற்கும் மேல். விசைத்தறி ஊரில் கரண்டு போனால் முதலில் காது உணரும். சடசடவென்று ஓடிய தெரு முழுக்க ஒரே மூச்சில் அடங்கிப்போகும். கொசுவர்த்தியை ஏற்றிவைத்துக்கொண்டு, பாதி பாவோடு நின்ற தறிக்குப் பக்கத்தில் சனங்கள் காத்துக் கிடந்தார்கள். அதே இருட்டை யாரும் அப்போது பாரம்பரிய அனுபவம் என்று சொல்லவில்லை. டிம்மர் எங்கள் கையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். தறிக்கு மேலே ஒயரில் ஒரே ஒரு பல்பு. கண்ணில் அடிக்காமலிருக்கப் பழைய கல்யாணப் பத்திரிகையைச் சுருட்டிக் குல்லா மாதிரி மாட்டியிருக்கிறது. இழை அறுந்தால் தறி நிற்கும். ஓட்டுகிற அக்கா குனிந்து, அறுந்த முனையைத் தேடிப் பிடித்து, விழுதில் நுழைத்து, அச்சில் இழுத்து முடிச்சுப் போட வேண்டும். கருநீலப் பாவில் கருநீல இழை. ஒரு விரலால் தடவியே கண்டுபிடிக்கிறார். பிறகு தார்க்குச்சி இரண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறார்: “கண்ணு, இது அரக்கா மெரூனா, பாத்துச் சொல்லு. உள்ள ரெண்டும் ஒண்ணாட்டமே தெரியுது.” மட்டமான எல்.ஈ.டி.யில் சிவப்பு செத்துப்போகும். வெயிலில் பார்த்தால்தான் நிறம் நிறமாக இருக்கும். தப்பான தாரைப் போட்டுவிட்டால் சேலையில் கோடு விழும், கூலியில் பிடிப்பு விழும்.

துணி பழசாகிக் கண்காட்சிக்குப் போனால் அதன் அந்தஸ்தே வேறு. பழந்துணிக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் படக் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். ஓட்டல் வரவேற்பறையில் சட்டம் போட்டு மாட்டிய சேலைக்கும் அதே மரியாதை. சாயம் வெளுத்துவிடுமாம், இழை நைந்துவிடுமாம். லக்ஸ் மீட்டர் பிடித்து அளக்கிறார்கள். நெசவு வேலை நடக்கும் இடத்துக்கு 500 லக்ஸ் வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலை சொல்கிறது. அந்த மீட்டரை ஒருவரும் இன்னும் எங்கள் கூடங்களுக்குக் கொண்டு வந்ததில்லை. நெய்த துணியின் இழை நையக் கூடாது. நெய்தவர் கண் நையலாம், நாற்பது வயசில் கண்ணாடி மாட்டிக்கொண்டால் போச்சு.

நாங்களும் யோக்கியம் இல்லை, சொல்லிவிடுகிறேன். இளம்பிள்ளைக் கடைகளில் இப்போது ரிங் லைட் இல்லாத கடை அபூர்வம். யூடியூபில் “அக்கா, இந்த கலர் பாருங்க” என்று சேலையை விரிக்கும்போது அந்த வட்ட விளக்கு சாதா ஜரிகையையும் பட்டு ஜரிகையாக்கும். காஞ்சிபுரம் போனால் எங்கள் சேலைக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வேறு பேர் வந்துவிடும், அங்கேயும் மஞ்சள் விளக்குதான் துணை. ஒளி வடிவமைப்பில் நாங்களும் டிப்ளமா வாங்கியவர்கள்தான். பட்டம் வாங்க வசதி பத்தவில்லை.

இந்த இடத்தில் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்: விசைத்தறிக்கு அரசு இலவச மின்சாரம் கொடுக்கிறதே? கொடுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்ததை 2023-ல் 1,000 ஆக்கினார்கள். கைத்தறிக்கு 200 இருந்தது 300 ஆனது. அதற்கு முந்தின வருஷம் செப்டம்பரில் கட்டணத்தை ஏற்றியவர்களும் அவர்களே. சரி, நன்றி. ஆனால் அரண்மனை ஓட்டல்கள் கொட்டிக் கிடக்கும் ராஜஸ்தானில் 2022-ல் சுற்றுலாவுக்கும் ஓட்டலுக்கும் தொழில் அந்தஸ்து கொடுத்து, வணிகக் கட்டணத்தை விட்டுத் தொழிற்சாலைக் கட்டணத்துக்கு இறக்கினார்கள். மகாராஷ்டிரமும் அப்படியே செய்தது. சரவிளக்கு எரிந்தால் அது தொழில், தறி ஓடினால் அது இலவசம். சரவிளக்குக்காரரை யாரும் டீக்கடையில் உட்கார வைத்து “ஓசிக் கரண்டுதானே உனக்கு?” என்று கேட்டதில்லை.

பாரம்பரிய ஓட்டல் என்று மத்திய சுற்றுலாத் துறையிடம் முத்திரை வாங்கக் கட்டடம் 1950-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும், குறைந்தது ஐந்து அறை வேண்டும். முதல் நிபந்தனையில் நாங்கள் தேறிவிடுவோம். குழித்தறி போட்ட பழைய ஓட்டு வீடுகள் கஞ்சமலை அடிவாரத்தில் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஐந்து அறைதான் இடிக்கிறது. எங்களுக்கு ஐந்து வீட்டுக்கு ஒரே நடைபாதை. சமைப்பதும் நெய்வதும் பிள்ளை பெறுவதும் பெரியவர் சாவதும் ஒரே அறை.

ஆனாலும் ஒரு வேண்டுகோள். அரண்மனை வேலை முடிந்து ஊர் திரும்பும் ஏதாவதொரு ஒளி வடிவமைப்பாளர் ஒரு சாயங்காலம் இளம்பிள்ளையில் இறங்கட்டும். அந்தக் குல்லா மாட்டிய பல்பைக் கழற்றி, அரக்கு அரக்காகவும் மெரூன் மெரூனாகவும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு விளக்குப் போட்டுக் கொடுக்கட்டும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தாராளமாகத் தெரியலாம், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அவருடைய கட்டணத்தையும் பாக்கி வைக்க மாட்டோம். எங்களுக்கு எப்படிக் கொடுக்கிறார்களோ அப்படியே கொடுத்துவிடுகிறோம்: பீஸுக்கு இவ்வளவு என்று பேசி, பாதி இப்போது, மீதி தீபாவளி சீசன் முடிந்து சரக்கு நகர்ந்த பிறகு, அதிலும் கோடு விழுந்திருந்தால் பிடித்துக்கொண்டு.