ஸ்பீக்கர் அண்ணன்

காஞ்சிபுரத்தில் புடவை எடுக்க வருகிறவர்களைக் கடைக்கு அழைத்துப் போக ஆள் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். கமிஷனைக் கடையில் வாங்கிக்கொள்வார்கள். ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களை அழைத்துப் போகவும் பேட்டைக்கு ஒருவர் உண்டு. இவருக்குக் கமிஷன் கிடையாது. ஒரு காபி, போக வர நாம் குறுக்கே பேசாமல் இருப்பது, அவ்வளவுதான் கூலி. பிள்ளையார்பாளையத்தில் இருப்பவருக்கு ஸ்பீக்கர் அண்ணன் என்று பேர். சின்ன காஞ்சிபுரத்திலும் ஒருவர் இருக்கிறார். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் விசாரித்தால் வரும் பதில் ஒன்றுதான்: “அவனுக்குக் காது கெடயாது.”

அண்ணனின் முதல் கேள்வி, “என்ன பாட்டு கேப்ப?” கடைக்காரர்கள் பட்ஜெட்டைக் கேட்பார்கள், பாட்டைக் கேட்பவர் இவர் ஒருவர்தான். அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் நாம் சொல்லும் பதில் அவருக்குப் பிடிக்காது. “எல்லாம் கேப்பேண்ணா” என்றால் முகம் சுண்டிப்போகும். “இளையராஜா” என்றால், “எந்த வருஷம்?” என்பார். பாஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்வதையும், நாலு அங்குலப் பொட்டியால் அதை ஒழுங்காகச் சொல்ல முடியாது என்பதையும் காபி ஆறும்வரை விளக்குவார்.

கர்நாடக சங்கீதம் என்று சொல்லிவிட்டால் ஊர்ப் பெருமையும் சேர்ந்துகொள்ளும். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை கச்சேரிக்கு ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பேர். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய லயக்காரர்களை உட்கார வைத்துக்கொண்டு பாடியவர். “அதுல கஞ்சிரா எது, கடம் எதுன்னு பொட்டி பிரிச்சுக் காட்டணும். காட்டலைன்னா அது பொட்டி இல்ல, பொணம்.” நயினாப் பிள்ளை 1934இல் காலமானவர். ‘அவர் ரெக்கார்டு எங்கே கிடைக்கும்?’ என்று கேட்டு அண்ணனைச் சங்கடப்படுத்தக் கூடாது.

1919இல் இதே ஊரில் பிறந்த டி.கே. பட்டம்மாளின் பழைய இசைத்தட்டுப் பாட்டுகளுக்காக 5.1 செட் வாங்கப் புறப்படும் ஓய்வுபெற்ற வாத்தியார்களை அவர் கைப்பிடித்துத் தடுப்பார். “அது மோனோ, சார். ஒரு பொட்டிக்குத்தான் அதுல வேலை. மத்ததெல்லாம் பென்ஷன் வாங்கிக்கினு உக்காந்திருக்கும்.” வாத்தியாருக்கு இது எப்படி இருக்கும் என்று யோசிக்கிற பழக்கம் அண்ணனுக்கு இல்லை.

கடைக்குள் நுழைந்ததும் விரல் முட்டியால் பொட்டியின் முதுகைத் தட்டுவார். ‘டொய்ங்’ என்றால் நகர்ந்துவிடுவார். ‘டொக்’ என்றால் நிற்பார். மாப்பிள்ளை ஜாதகம் பார்க்கிற மாதிரி அடாப்டரைத் திருப்பிப் படிப்பது அடுத்த கட்டம். அட்டையில் ‘2000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர். “பெருக்கு தம்பி” என்பார் விற்கிற பையனிடம். 24. “மீதி 1976 எங்கேருந்து வருது, ஏகாம்பரநாதர் குடுக்கிறாரா?” நிஜமாகவே நூறு வாட் உள்ளதை இருநூறாக ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான், சத்தம் இருமடங்காகாது என்பது அடுத்த பாடம். அதற்குள் பையன் உள்ளே போயிருப்பான்.

பிறகு தன் போனிலிருந்து ஒயர் போட்டுப் பாட்டு வைப்பார். ப்ளூடூத்தை நம்ப மாட்டார். ஒவ்வொரு பாட்டிலும் இருபது விநாடி. எந்தப் பாட்டையும் அவர் சரணம்வரை கேட்டுப் பார்த்தவர் ஊரில் இல்லை.

ஆடித் தள்ளுபடி ஊரெல்லாம் நடக்கும்போது அவர் யாரோடும் கடைக்கு வர மாட்டார். சகுனம் காரணமில்லை. தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், விடியற்காலையிலேயே குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். “அதக் கேட்ட காதோட பொட்டி பாக்கக் கூடாது. பத்து நாளாவது ஆறணும்.” தள்ளுபடி போனால் போகட்டும், அது நம் காசுதானே.

இவ்வளவு சொன்னாலும், தறி வீட்டுக்கு அவர் சொல்கிற யோசனையில் குறை காண முடியாது. குழித்தறியில் உட்கார்ந்தவருக்குக் காலும் கையும் வேலையில் இருக்கும். காது ஒன்றுதான் சும்மா இருக்கும். அந்த வீட்டுப் பையன் ஆசைப்படுவது சப் ஊஃபருக்கு. “தறியே அடியில ‘டொக்கு டொக்கு’ன்னு போட்டுக்கினு இருக்குது. அதுமேல சப் ஊஃபர வெச்சா, தறி பாடுதா பொட்டி நெய்யுதான்னு தெரியாது” என்பார் அண்ணன். குரல் துலக்கமாக வருகிற நடுத்தரப் பொட்டி ஒரு ஜோடி போதும். பரண்மேல் ஏற்றினால் டிரெபிள் தலைக்குமேல் போய்விடும், தறிக்காரர் தரைமட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் பொட்டியும் அவர் காது உயரத்துக்கு இறங்க வேண்டும். மூலையில் தள்ளினால் பேஸ் வீங்கும். பானை வாயில் கவிழ்க்கவே கூடாது, பானை தனக்குப் பிடித்த ஒரு சுருதியை மட்டும்தான் பெரிதாக்கும்.

வாங்கிக் கொடுத்ததோடு விடுபவர் இல்லை. இரண்டு வாரம் கழித்து ‘சும்மா இந்தப் பக்கம் வந்தேன்’ என்று வருவார். பொட்டியை இரண்டு அங்குலம் நகர்த்துவார், பேஸைக் குறைப்பார், இருபது விநாடி கேட்பார், போவார். தெருமுனை தாண்டுவதற்குள் பையன் பேஸை முழுசாகத் திருப்பிவிடுவான். அண்ணனுக்கு அது தெருமுனையிலேயே கேட்டுவிடும்.

ஒருமுறை அப்படிப் போன வீட்டில், பொட்டி இரண்டுக்கும் பூப்போட்ட பட்டுத் துண்டால் உறை தைத்து மாட்டியிருந்தார் பாட்டி.

“ஆயா, இது டிரெபிளுக்கு மூச்சு முட்டும்.”

“தூசு படியுமேப்பா.”

“பட்டு வேணாம் ஆயா. மெல்லிசா மல்லுத் துணி போடுங்க.”

பாட்டி அறுபது வருஷமாகப் பட்டுக்குப் பாவு புணைப்பவர். அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேரனிடம் கேட்டார்: “இவரு எந்த ஊருடா?”