பறிமுதல் செய்தால் போதுமா?

2018இல் கெயின்பிட்காயின் மோசடி வழக்கை விசாரித்த புணே போலீஸ், பிட்காயின் தேட நிபுணர்கள் இருவரை அமர்த்தியது. வழக்கில் சிக்கிய பிட்காயினையே அவர்கள் சுருட்டியதாகச் சொல்லி, 2022இல் அதே போலீஸ் அவர்களைக் கைது செய்தது. (குற்றச்சாட்டுதான், தீர்ப்பு வரட்டும்.) பிட்காயினாவது ஓடும், பறிமுதலான வண்டி ஓடாது. ஸ்டேஷன் வாசலில் டயர் இறங்கி, சீட்டுக்குள் செடி முளைத்து நிற்கும். ‘பிடித்து வைக்காவிட்டால் சாட்சியம் போய்விடுமே’ என்பார்கள். நியாயம்தான். அதற்குத்தான் உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் 2002இலேயே வழி சொன்னது: படமெடு, பஞ்சநாமா எழுது, ஜாமீன் பத்திரம் வாங்கு, வண்டியைத் திருப்பிக் கொடு.

2019இல் மகாராஷ்டிர வழக்கொன்றில், அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆம் பிரிவைக் காட்டிப் போலீஸ் வீடு, நிலத்தில் கைவைக்க முடியாது என்றது அதே நீதிமன்றம். துருப்பிடிக்காத சொத்துக்குத்தான் அந்தப் பாதுகாப்பு! அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தின் 107ஆம் பிரிவோ, நீதிமன்ற உத்தரவோடு, குற்றத்தில் வந்ததாகக் கருதும் சொத்தைத் தீர்ப்புக்கு முன்பே முடக்க விடுகிறது. விளக்கம் சொல்ல உரிமையாளருக்கு 14 நாள். வழக்கு முடிய அப்படியொரு கெடு கிடையாது.