நாவல்பழ ஊதா

பிளஸ் டூ ப்ராக்டிகலில் எனக்கு வந்தது சாலிசிலிக் அமிலம். வருடம் 1991. வெள்ளைப் பொடியைச் சோதனைக் குழாயில் கரைத்து, நடுநிலை ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட்டதும் குழாய் முழுக்க ஊதா பரவியது. கத்தரிப்பூ ஊதா இல்லை. நாவல்பழம் தின்ற நாக்கின் ஊதா. இன்றும் அந்த நிறம் கண்ணிலேயே நிற்கிறது.

ஏன் ஊதா என்று மட்டும் தெரியாது. கோல்பே, கானிசாரோ, ரீமர்-டீமன் என்று பெயர் வினைகளை உருப்போட்டதோடு சரி. டியூஷனுக்காகத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், பல்லாவரம் வருவதற்குள் பத்து வினைகளை ஒப்பித்துவிடுவேன்.

வழியில் இருந்த ஸ்டேஷன்களே பாடம் என்று யாரும் சொல்லவில்லை. சானடோரியம் என்ற பெயர், 1928-ல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து தொடங்கிய காசநோய் நிலையத்தால் வந்தது. நல்ல காற்றும் ஓய்வும் சாப்பாடும்தான் அன்றைய சிகிச்சை. பிறகு காசநோயை எதிர்த்த முதல் மருந்துகளில் ஒன்று பாரா அமினோ சாலிசிலிக் அமிலம்: என் குழாயில் இருந்த அதே மூலக்கூறு, ஒரு அமினோ தொகுதி கூடுதலாக. 1952-ல் ஐசோநியாசிட் வந்தது. அதுவும் பிரிடின் வளையம் கொண்ட ஒரு சிறிய கரிமச் சேர்மம். அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர். தோலிலுள்ள கொலாஜன் புரத இழைகளைக் குரோமிய உப்பு ஒன்றோடொன்று பிணைப்பதால்தான் தோல் அழுகாமல் பதப்படுகிறது. உயிர்வேதியியல் வேறென்ன?

இப்போது என் மகள் பிளஸ் டூ. கோல்பே வினையில் ஃபீனாக்சைடு வளையம் கார்பன் டை ஆக்சைடை ஏன் பிடிக்கிறது என்று எலக்ட்ரான் அம்புக்குறி போட்டு விளக்குகிறாள். எனக்கு அன்று யாரும் இப்படிச் சொல்லித் தரவில்லை. கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது.

"சாலிசிலிக் அமிலத்துல ஃபெரிக் குளோரைடு விட்டா?"

"வயலட் வரும்ப்பா."

"எந்த மாதிரி வயலட்?"

கொஞ்சம் யோசித்தாள். "பார்த்ததில்லப்பா."

அவள் மீது தப்பில்லை. நீட் தேர்வில் 180 நிமிடத்துக்கு 180 கேள்வி, வேதியியலுக்கு 45. எந்தக் கேள்வியும் குழாயைக் கையில் எடுக்கச் சொல்லாது. மருத்துவ இடத்துக்கான தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணே சேராதபோது, லேபுக்கு நேரம் ஒதுக்க யாருக்கு மனம் வரும்? நான் நிறத்தைப் பார்த்தேன், காரணம் தெரியவில்லை. அவளுக்குக் காரணம் தெரியும், நிறம் தெரியாது. இரண்டுமே பாதிப் படிப்புதான்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து வேதியியல் ஆசிரியர்களே, ஒரே ஒரு பிற்பகலைப் பிள்ளைகளுக்கு லேபில் கொடுங்கள். அந்த ஊதாவைக் காட்டுங்கள். சானடோரியத்தின் கதையையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.