பாலத்துக்கு அப்பால் கொரியா

போருக்குப் போனவர் கிழக்காசிய மொழி படிக்க விரும்பினால் அமெரிக்காவில் வழி உண்டு. 1944 இல் வந்த சட்டம் படைவீரரின் கல்லூரிக் கட்டணத்தை அரசின் தலையில் கட்டியது. கடற்படைப் பள்ளியில் ஜப்பானியம் கற்ற டொனால்ட் கீன், பின்னாளில் கொலம்பியாவில் பேராசிரியராகவே ஆகிவிட்டார்.

இலங்கையின் மட்டக்களப்பில், பழுகாமத்துக் கதை வேறு.

2009 இல் போர் முடிந்த பிறகு முன்னாள் போராளிகள் சுமார் 12,000 பேருக்குப் புனர்வாழ்வில் கிடைத்தது தச்சு, மேசன், தையல் வகையறா. களனிப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானியம், சீனம், கொரியம் எல்லாம் உண்டுதான். ஊர் இருக்கும் படுவான்கரையிலிருந்து அங்கே போக இரவு பஸ்ஸும் பல்கலைக்கழக நுழைவுக்கான இசட் புள்ளியும் வேண்டும்.

ஆகவே ஊருக்கு வாய்த்த கல்லூரி, பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் கொரிய வகுப்பு நோட்டீஸ். வகுப்பைத் தெரிவுசெய்ய ஒரே கேள்வி போதும். "போனமுறை எத்தனை பேர் பாஸ், சேர்?" கொரிய அடிப்படை எழுத்து 24, தமிழின் 247ஐ விழுங்கியவனுக்கு அது அரைமணி வேலை என்பார் மாஸ்டர். கேட்டல் பகுதியில் கொரியாக்காரன் வாய் திறக்கும்வரை அதுவும் உண்மைதான்.

இந்த வகுப்பு தயார்படுத்தும் கொரிய வேலைவாய்ப்புப் பரீட்சைக்கு வயது 18 முதல் 39. 2009 இல் இருபத்தைந்து வயதில் துவக்கை வைத்தவருக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. வகுப்புக் காசு கட்டுவது அவர். படிப்பது அக்காவின் மகன்.